சேவல் பரிசீலனையில் உள்ளது

பிப்ரவரி 9, திங்கள்

கடை திறந்து சாம்பிராணி போட்டேன். புகை அடங்குவதற்குள் கம்பெனியிலிருந்து மெயில். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். புரியத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இரண்டாவது டீ முடிந்தபோது புரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்து, நான் ஒழுக்கமானவள் என்று சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதற்குக் கட்டணமும் நானே கட்ட வேண்டுமாம்.

ஊற்றுமணி பம்ப்ஸை போன வருஷம் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர்கள் வாங்கினார்கள். லஞ்சம், அன்பளிப்பு என்றாலே அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுமாம். அதனால் அவர்கள் மோட்டாரை விற்கிற டீலர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் நன்னடத்தைப் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். டீலர் மட்டுமில்லை, வாடிக்கையாளரை நேருக்கு நேர் பார்க்கும் ஒவ்வொரு ஊழியரும். தலைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு, ஜிஎஸ்டி தனி. வருஷா வருஷம். மார்ச் 31க்குள் முடிக்காத கடைக்கு ஏப்ரலில் சரக்கு கிடையாது, டீலர்ஷிப் ரத்து.

ஏப்ரலில் சரக்கில்லாமல் பொள்ளாச்சியில் பம்ப் கடை எதற்கு? கோடையில் தண்ணீர் கீழே இறங்கி, ஊரே போர்வெல் போட்டு மோட்டார் இறக்கும் அந்த இரண்டு மாசச் சம்பாத்தியத்தைத்தான் மீதி மாசமெல்லாம் உட்கார்ந்து தின்கிறோம்.

என் கடையில் மூன்று பேர். நான், மோட்டார் மாட்டும் பிட்டர் கருப்புசாமி, பில் போடும் சுகன்யா. சுகன்யாவின் மேஜையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டேன். இனி அவள் எந்த வாடிக்கையாளரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டாள். ஒரு தலை மிச்சம்.

பிப்ரவரி 11, புதன்

டீலர்கள் சங்கக் கூட்டம், பஸ் ஸ்டாண்டு ஓட்டல் மாடியில். கண்டனத் தீர்மானம் போட்டோம், போண்டா சாப்பிட்டோம். கோபமாக இருக்கும் மனிதர்கள் இவ்வளவு சட்னி கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் எல்லோரும், வேறு வழியில்லை, கட்டித் தொலைப்போம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சண்முகானந்தம் மட்டும் எழுந்தார்.

இவர் எதிர்க்கடைக்காரர். ஒரே ரோட்டில், ஒரே கம்பெனி மோட்டாரை, எதிரும் புதிருமாக உட்கார்ந்து விற்கிறோம். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே போட்டி. அவர் ஐந்நூறு குறைத்தால் நான் அறுநூறு குறைப்பேன். வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று கேள்வி. காதோரம் மட்டும் நரை. சட்டை எப்போதும் இஸ்திரி போட்டது. இதெல்லாம் போட்டிக்காரரைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விவரங்கள்.

"சரக்க வித்துக் குடுக்கறது நாம. ஒழுக்கத்தையும் நாமளே காசு குடுத்து வாங்கோணுமுங்களா? நாங் கட்ட மாட்டனுங்க" என்றார்.

அவரிடம் ஐந்து பிட்டர்கள். அவர்கள் பெயரை அடித்துவிட்டு உங்கள் ஒருத்தருக்கு மட்டும் கட்டுங்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

"எங்கூட இத்தன வருசமா மோட்டார் இறக்கறவனுங்க. காயிதத்துல மட்டும் அவனுங்க இல்லீன்னு எப்படிங்க எழுதறது?"

அதற்குப் பிறகு யாரும் சட்னி கேட்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சுகன்யாவின் மேஜையைப் பழையபடி திருப்பிப் போட்டேன். சுவர்ப் பக்கம் காற்று வருவதில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை. மூன்று தலைக்கும் பணம் கட்டியாயிற்று.

பிப்ரவரி 18, புதன்

தேர்வு. பணம் கட்டிய டீலர்களில் ஆறு பேர் என் குடோனில் கூடினோம். உடுமலைக்காரர் எம்.ஏ. இங்கிலீஷ். அவர் பதிலை உரக்கச் சொல்லச் சொல்ல, நாங்கள் ஐந்து பேரும் அழுத்தினோம். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. கருப்புசாமியும் சுகன்யாவும் தனியாக ஒரு மூலையில் எழுதினார்கள். கருப்புசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்தக் கேள்விக்கும் இருப்பதிலேயே நீளமான பதிலை அழுத்தியதாகச் சொன்னான்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆறு டீலர்களும் பெயில். சக ஊழியர் தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு ஆறு பேரும் ஒரே தவறான பதிலை, ஒரே நிமிஷத்தில் அழுத்தியிருக்கிறோம். நேர்மைத் தேர்வில் காப்பியடித்த குற்றத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. மறுதேர்வுக்குப் பாதிக் கட்டணம். சுகன்யா பாஸ். கருப்புசாமியும் பாஸ், நல்ல மார்க்.

காலையிலிருந்து அவன் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோக்கியமாகப் படித்து, யோக்கியமாக எழுதி, பாஸ். பாடத்தில் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். யார் கைக்கடிகாரம் கொடுத்தாலும் மறுத்துவிடுகிறார். மூன்று வீடியோவிலும் மறுத்தார். மணி தெரியாமலே காலத்தைத் தள்ளுகிறார் போல.

முக்கியமான பாடம் இதுதான்: தொழில் சம்பந்தமாக எந்தப் பொருளைப் பெற்றாலும் மூன்று நாளுக்குள் கம்பெனி வெப்சைட்டில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சான்றிதழ் ரத்து.

கடைசியில் வரிசையாகச் சில கேள்விகள். அரசு அதிகாரி யாரும் உறவா? வேறு கம்பெனியில் பங்கு உண்டா? மற்ற டீலர் யாருடனாவது தனிப்பட்ட உறவு உண்டா? இல்லை, இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே போனேன். அடுப்பில் பால் இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

ராமபட்டணம் துரைசாமியண்ணன் தோட்டத்தில் போர் போட்டு மோட்டார் இறக்கினோம். இதற்கு முன் இரண்டு போரும் பொய்த்துப்போய், நகையெல்லாம் அடகில் வைத்துப் போட்ட மூன்றாவது போர். சுவிட்சைப் போட்டதும் முதலில் சேறு, அப்புறம் கலங்கல், அப்புறம் பளிங்கு மாதிரி தண்ணீர். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தார். அவர் சம்சாரம் ஒரு சேவலைப் பிடித்து வந்து கருப்புசாமி கையில் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். தண்ணீர் வந்தால் மோட்டார் இறக்கினவருக்கு வீட்டில் இருப்பது எதுவோ அது.

கருப்புசாமி வண்டியிலேயே குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கைக்கடிகாரக்காரர் ஞாபகம் வந்தது. ஏற்கனவே எச்சரிக்கை வாங்கினவள். வெப்சைட்டில் தெரிவித்தேன். பொருள்: உயிருள்ள சேவல், ஒன்று. காரணம்: தண்ணீர் வந்தது. போட்டோ கட்டாயம் என்றது. சேவல் ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 4, புதன்

பதில் வந்துவிட்டது. ஹேமலதா என்று ஒரு அதிகாரி, பெங்களூர் ஆபீஸ். பறவையைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

மார்ச் 6, வெள்ளி

சேவலோடு ராமபட்டணம் போனேன். வாசல்படி ஏறியதுமே துரைசாமியண்ணன் சம்சாரத்துக்கு விஷயம் புரிந்து முகம் செத்துவிட்டது.

"ஏனுங்கம்மிணி, எங்க தண்ணி நெலைக்க வேண்டாமுன்னு நெனைக்கறீங்களா?"

கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். காபி குடித்துவிட்டுச் சேவலோடு திரும்பினேன். இந்த முறை ஒரு பூசணிக்காயும் சேர்ந்துகொண்டது. அதையும் தெரிவித்தாக வேண்டும்.

ஹேமலதாவுக்கு நடந்ததை எழுதினேன். முடிவு தெரியும்வரை பொருளை நல்ல நிலையில் பாதுகாக்கவும், சேவல் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

மார்ச் 9, திங்கள்

பரிசீலனையில் உள்ளது கடைக்குள் கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்து கூவிக்கொண்டிருக்கிறது. இரண்டு கஸ்டமர்கள் பயந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் சொல்லித்தானோ என்னவோ, சண்முகானந்தம் ரோட்டைத் தாண்டி வந்தார். இந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது, என் வீட்டுக்காரர் காரியத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிக்க வரும் என்பது எனக்குத் தெரியாது. அரிசி போட்டால் சேவலுக்கு ஆகாது என்று போய் ஒரு படி கம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

அதையும் வெப்சைட்டில் தெரிவித்தேன். பொருள்: கம்பு. கொடுத்தவர்: சண்முகானந்தம், வேலவன் பம்ப் ஹவுஸ். காரணம்: சேவல்.

மார்ச் 11, புதன்

சண்முகானந்தம் வந்தார். சேவலைப் பார்க்கத்தான்.

மார்ச் 12, வியாழன்

இன்றும் வந்தார். சேவல் இப்போது அவர் தலையைக் கண்டால் இறங்கி அவரிடம் ஓடுகிறது. வெட்கமில்லாத பிராணி.

மத்தியானம் ஏரியா மேனேஜர் பிரவீண் வந்தான். குரலைத் தாழ்த்தி ஒரு நல்ல செய்தி சொன்னான். எதிர்க்கடையில் இன்னும் ஒருத்தர்கூடப் பயிற்சிக்குப் பணம் கட்டவில்லை. முப்பத்தொன்றோடு அவர் டீலர்ஷிப் போகிறது. "அவர் ஏரியா மொத்தமும் உங்களுக்குத்தான் மேடம். ஏப்ரல்ல இருந்து பொள்ளாச்சின்னா நீங்கதான்."

இந்த நாளுக்காகத்தான் நானும் வீட்டுக்காரரும் எத்தனையோ வருஷம் ஐந்நூறுக்கு அறுநூறாகக் குறைத்து விற்றோம். எனக்கு ஏக மகிழ்ச்சி. மகிழ்ச்சியில் மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயந்திரம் கருப்புசாமி மேல் எரிந்து விழுந்தேன்.

கடை சாத்தும் நேரத்தில் எதிரே பார்த்தேன். அந்த ஐந்து பிட்டர்களும் ஒரு பழைய மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்து வைண்டிங் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் நடுவில், முழங்கை வரை கிரீஸ். சட்டை மட்டும் இஸ்திரி கலையவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கட்டணத்தைப் பற்றிக் கம்பெனிக்குச் சங்கம் இதுவரை நான்கு மெயில் அனுப்பியிருக்கிறது. நான்குக்கும் மெஷின்தான் பதில் போட்டது: தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். ஆனால் என் சேவலுக்கு ஒரு மனுஷி பதில் எழுதினாள். யோசித்துப் பார்த்தேன். கருத்துக்கு மெஷின், பொருளுக்கு மனுஷி.

சங்க வாட்ஸப் குரூப்பில் எழுதினேன்: சான்றிதழ் பெற்ற அனைவரும் பெறும் ஒவ்வொரு பொருளையும் தவறாமல் தெரிவிப்பது நம் கடமை. ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஒன்றையும்.

கட்டை விரல்களாக வந்து குவிந்தன. உடுமலைக்காரர் மட்டும், இதில் எதிர்க்கடைக்காரருக்கு ஏதும் லாபம் உண்டா என்று கேட்டுச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். எம்.ஏ. படித்தால் மட்டும் போதுமா, நாசூக்கு வேண்டாமா?

மார்ச் 18, புதன்

கடமை தீவிரமாக நடக்கிறது. ஆனைமலைக்காரர் பாதி பலாப்பழம் தெரிவித்தார். மீதிப் பாதி எங்கே என்று கேட்டு மெயில் வந்ததாம். கிணத்துக்கடவில் கிடா விருந்துக்குப் போனவர், இரண்டாவது தடவை வைத்த கறிக்குத் தனியாக மதிப்புப் போட வேண்டுமா என்று விளக்கம் கேட்டிருக்கிறார். உடுமலைக்காரர் திருநீற்றைத் தெரிவித்திருக்கிறார், போட்டோவோடு. இளநீரை யாரும் கணக்கு வைக்கவில்லை. கோடை ஆரம்பித்துவிட்டதால் தினமும் எங்கேயோ தண்ணீர் வருகிறது, எதையோ கொடுக்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஹேமலதா கைப்பட பதில் போட்டாக வேண்டும். பாவமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 21, சனி

ஹேமலதாவே போன் பண்ணினாள். நல்ல தமிழ்; தருமபுரிப் பக்கமாம். "பொள்ளாச்சியில என்னதாங்க நடக்குது?" என்றாள். நேரில் வந்து பார்த்தால் தெரியும் என்றேன். செவ்வாய்க்கிழமை வருகிறாளாம்.

மார்ச் 24, செவ்வாய்

நான் அறுபது வயது, மூக்குக் கண்ணாடி, அதட்டல் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது முப்பது வயதுப் பெண், தோளில் ஒரு துணிப்பை. முதலில் சேவலைப் பார்த்தாள். சேவல் அவளைப் பார்த்தது. "இதுதானா?" என்றாள், கோர்ட்டில் குற்றவாளியைக் கேட்கிற மாதிரி.

ராமபட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். துரைசாமியண்ணன் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் வாய்க்காலில் கையை வைத்துப் பார்த்தாள். அண்ணன் இளநீர் வெட்டி நீட்டினார். கை பாதியில் நின்றது, என்னைப் பார்த்தாள். குடித்துவிட்டுத் தெரிவியுங்கள் அம்மணி என்றேன். குடித்தாள். அப்புறம் இன்னொன்றும் குடித்தாள்.

கடைக்குத் திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டாள். இந்தக் கம்பு கொடுத்த சண்முகானந்தம் டீலர்தானே, சான்றிதழ் பெற்றவர்கள் வரிசையில் ஏன் இல்லை?

கருப்புசாமியை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கெஞ்சிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நின்றபடியே சொன்னார்:

"படிக்க மாட்டேன்னு சொல்லலீங்க. எங்கடையில ஆறு பேரு. ஆறு பேருக்கும் கட்ட எங்கிட்ட வசதியில்லீங்க. எம் பிட்டருங்க பேர அடிச்சுப்போட்டா இன்னைக்கே நான் நேர்மையானவன்னு சர்டிபிகேட் வந்துரும். அப்படி வாங்கற சர்டிபிகேட்டு என்னத்துக்குங்க?"

ஹேமலதா புரியாமல் பார்த்தாள். "கட்டறதா? எதைக் கட்டறது?"

கட்டண ரசீதை எடுத்துக் காட்டினேன். வாசித்தாள். அவள் பைலில் டீலர் பயிற்சிச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது என்று இருக்கிறதாம். அதை விற்பனைப் பிரிவு சத்தமில்லாமல் எங்கள் தலையில் இறக்கிவைத்திருக்கிறது. காது சிவந்துபோனாள். "ஒழுக்கமா இருங்கன்னு மெயில் அனுப்பறது நானு. இது எனக்கே தெரியலை, சார்" என்றாள்.

அவர் ரசீதை வாங்கி மடித்து என் மேஜையில் வைத்தார். பிறகு, சேவலுக்குக் கம்பு தீர்ந்திருக்கும், கொண்டுவருகிறேன் என்று ரோட்டைத் தாண்டிப் போனார்.

மார்ச் 26, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. பிரவீண் போன் பண்ணி, எதிர்க்கடை போர்டை எப்போது கழற்றுவார்கள் என்று கேட்டான். உன் போர்டைப் பார்த்துக்கொள் தம்பி என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. முழுசாக வந்துவிட்டது.

மார்ச் 28, சனி

வந்துவிட்டது! இந்த வருஷம் மிச்சமிருக்கும் யாரும் பணம் கட்ட வேண்டாம். பிட்டர்களுக்கு எப்போதும் கட்டணமில்லை. பாடமும் தேர்வும் தமிழிலேயே, திங்கட்கிழமை பொள்ளாச்சியில், ஹேமலதாவே எடுக்கிறாள். டீலர்களுக்கு அடுத்த வருஷம் எப்படி என்பது பிறகு பேசப்படும். அதற்குச் சங்கம் இப்போதே போண்டா சொல்லி வைத்திருக்கிறது. ஏற்கனவே கட்டியவர்களுக்கு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளக் கிரெடிட் நோட் வரும். கம்பெனி தருவதாகச் சொன்ன கிரெடிட் நோட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தொழிலில் குறைவு. பார்ப்போம்.

கூடவே ஒரு வரி: சேவல், வட்டார வழக்கப்படியான எளிய அன்பளிப்பு. வைத்துக்கொள்ளலாம்.

கருப்புசாமி கத்தியைத் தேடினான். அதை நான் காலையிலேயே ஒளித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

எதிர்க்கடைக் குடோனில் வகுப்பு. மேற்பார்வைக்கு மூத்த மாணவி என்ற முறையில் நானும் போனேன். ஐந்து பிட்டர்களும் குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார்கள். கைக்கடிகாரக்காரர் தமிழில் மறுத்தார். இன்னும் நன்றாக இருந்தது. ஐந்து பேரும் பாஸ்.

கடைசியாக அவர். எல்லாம் முடித்து, இறுதிக் கேள்விகளில் ஒன்றுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார். திரையைக் காட்டினார்.

"இதுல என்னங்க போடறது?"

மற்ற டீலர் யாருடனாவது தனிப்பட்ட உறவு உண்டா.

எனக்குத் திடீரென்று சுகன்யா மேஜையை இன்னொரு தடவை சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, நானே அதில் உட்கார்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. "உண்மையப் போடுங்கன்னுதானே இவ்வளவு நேரம் சொல்லிக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, சேவல் தனியாக இருக்கும் என்று கிளம்பி வந்துவிட்டேன். என்ன அழுத்தினார் என்று பார்க்கவில்லை. பாஸ் என்று மட்டும் கருப்புசாமி வந்து சொன்னான்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் ஒரே லாரியில் இரண்டு கடைக்கும் சரக்கு. கூட்டம் தாங்கவில்லை. ஒரு மோட்டாருக்கு அவர் ஐந்நூறு குறைத்தார். நான் அறுநூறு குறைத்தேன். எல்லாம் வழக்கம்போல. கிரெடிட் நோட்டும் வந்துவிட்டது. நம்பாமல் சுகன்யாவை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

சேவல் தானாகவே ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்ச் சாயந்திரம் திரும்புகிறது. லாரிக்காரர்கள் வழிவிடுகிறார்கள்.

மத்தியானம் ஹேமலதாவிடமிருந்து மெயில். இந்த முறை தமிழில். இருவர் தெரிவித்த தகவல் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். சக டீலருடனான தனிப்பட்ட உறவு என்ற இடத்தில் வேலவன் பம்ப் ஹவுஸ் 'ஆம்' என்று போட்டு என் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். நான் பிப்ரவரியில் 'இல்லை' என்று போட்டிருக்கிறேன். உண்மை நிலவரத்தை மூன்று நாளுக்குள் சரிபார்த்துத் திருத்தவும்.

நாலு தடவை வாசித்தேன். தமிழில் இருந்தும் புரிய நேரம் பிடித்தது. எதிரே பார்த்தேன். அவர் ஒரு கஸ்டமரிடம் என்னமோ சொல்லிக்கொண்டே என் கடையைப் பார்த்தார். உடனே மோட்டாரைப் பார்த்தார்.

வெப்சைட்டைத் திறந்தேன். 'இல்லை'யை 'ஆம்' ஆக்க மூன்று நாள் எதற்கு? திருத்தத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாதாம். கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன், ஜிஎஸ்டியோடு.